சோழியும் அரிசியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் மாலத்தீவு சென்று வந்தேன். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ இதுதான் என்கிறார்கள். அதன்பின் அரேபியர் மதம் கொடுத்தார்கள், போர்ச்சுகீசியர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் ஆண்டார்கள். வந்தவர்களின் கதையைக் கழித்துவிட்டால் அந்தத் தீவுகளுக்கென்று வரலாறு மிஞ்சுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிச்சயமாக மிஞ்சும். கப்பல்கள் ஏன் அங்கே போயின என்று பாருங்கள். பல்லாங்குழியில் நாம் போட்டு விளையாடும் சோழிக்காகப் போயின. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தீவுப் பெண்கள் இடுப்பளவுக் கடலில் இறங்கிச் சோழி பொறுக்குவார்கள். கரையில் குழி தோண்டிப் புதைத்து வைப்பார்கள். உள்ளிருக்கும் சதை மட்கி, வெள்ளை ஓடு மட்டும் மிஞ்சும். வங்காளத்தில் அன்று அதுதான் சில்லறைக் காசு. 1602இல் கப்பல் உடைந்து அங்கே சிக்கிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், ஒரே ஆண்டில் 30, 40 கப்பல்கள் வேறு சரக்கே இல்லாமல் சோழி ஏற்றிப் போனதைப் பார்த்திருக்கிறார். பதிலுக்கு வந்தது அரிசி. நெல் விளையாத மண் அது. கடலில் அள்ளியதைக் கொடுத்துத்தான் சோறு உண்ண வேண்டும்.

மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1343இல் அங்கே போனபோது நான்கு லட்சம் சோழிக்கு ஒரு பொன் தினார். பிறகு அவரே ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 1,150 சோழிக்கு ஒரு தினார் என்ற விலையைக் கண்டார். இந்த விலை வித்தியாசம் பின்னாளில் ஐரோப்பியக் கம்பெனிகளின் கண்ணில் பட்டது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அவர்கள் அடிமைகளை வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தச் சோழியும் ஒன்று. அதை அறிந்த நாளிலிருந்து சோழியைக் கையில் எடுத்தால் எனக்கு மனம் கனக்கிறது. பொறுக்கிய பெண்ணுக்கு அது எங்கே போகிறது என்று யார் சொல்லியிருப்பார்கள்?

மதமும் இதே கடல்வழியில்தான் வந்தது, ஆனால் படையெடுத்து வரவில்லை. பௌத்தராக இருந்த அரசர் 1153இல் தானே இஸ்லாத்தைத் தழுவினார். அதற்காக எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். தெற்கே இருந்த பிக்குகளைத் தலைநகர் மாலேக்குக் கொண்டுவந்து கொன்றதை அந்த நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட செப்பேடே சொல்கிறது. அந்தக் குருதிக்குத் தீவின் அரசே பொறுப்பு. இபின் பதூதா அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தார். மேலாடை அணியாத பெண்களை அணியச் சொல்லி ஆணையிட்டும் அவரால் முடியவில்லை. தன் முன் வழக்காட வரும் பெண்களை மட்டுமே அணிய வைக்க முடிந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவரும் கதீஜா என்ற அரசிதான். ‘அரேபியர் கொடுத்தார்கள்’ என்ற உங்கள் வாக்கியம் எனக்கு உறுத்துவது இதனால்தான்.

போர்ச்சுகீசியர் ஆட்சி 1558 முதல் 1573 வரை, 15 ஆண்டுகள். கொச்சிக்குப் போய்க் கிறிஸ்தவராகிவிட்ட தீவின் அரசர் ஒன்பதாம் ஹசனின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் வந்தார்கள். உதீமு தீவின் முகமது தகுருஃபானு சகோதரர்களுடன் படகேறி, இரவில் தாக்கிவிட்டு விடியுமுன் மறைந்து, பல ஆண்டுகள் போராடி அவர்களை ஒழித்தார். கண்ணூர் அரசரின் உதவியும் அவருக்குக் கிடைத்தது. அதே கண்ணூரின் படை 1752இல் மாலேயைப் பிடித்தது. சில மாதங்களில் அதையும் துரத்தினார்கள். 1887இல் பிரிட்டனின் பாதுகாப்பை ஏற்றபோதும் உள்நாட்டு நிர்வாகம் சுல்தானிடமே இருந்தது. 1965இல் விடுதலை.

மாலேயில் ஹுகுரு மிஸ்கியைப் பார்த்தீர்களா? 1658இல் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டிய பள்ளிவாசல். பழைய கோயில் ஒன்றின் அடித்தளத்தின்மேல் எழுந்தது என்பார்கள். கட்டடம் மக்காவை நோக்கி இல்லை. அதனால் தொழுகை வரிசைகள் சுவருக்கு இணையாக அமையாமல் சாய்வாக, அறையின் மூலையைப் பார்த்துப் போகின்றன. அடுத்த முறை போனால் அனுமதி கேட்டு உள்ளே சென்று, அந்தச் சாய்ந்த வரிசைகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்