செவிலியரை எச்சரித்தால் விசாரணை முடிந்துவிடாது

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து வார்டு சிஸ்டர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வார்டில் ஒரு பாட்டிக்கு இரவில் 4 யூனிட்டுக்குப் பதில் 40 யூனிட் இன்சுலின் போடப்பட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இளம் செவிலியரின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடச் சொல்கிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. எப்படி விசாரிப்பது?"

உங்கள் மனம் சொல்வதுதான் சரி, சிஸ்டர். அனுபவமுள்ள வேறொருவர் அன்றிரவு அங்கே நின்றிருந்தால் அவரும் தவறியிருப்பாரா? இதை முதலில் கேளுங்கள். ஆம் என்றால், அந்தப் பெண்ணைத் தண்டிப்பதால் அடுத்த நோயாளிக்கு எந்தப் பாதுகாப்பும் வராது.

மருந்து அட்டையைக் கையில் எடுங்கள். யூனிட்டைக் குறிக்கக் கையால் எழுதும் ஆங்கில 'யூ' எழுத்தின் வாய் அவசரத்தில் மூடிக்கொண்டால் பூஜ்யமாகிவிடும். 4 உடனே 40 ஆகும். உலகெங்கும் பலமுறை நடந்துள்ள பிழை இது. 100 யூனிட் சிரிஞ்சில் 40 என்பது கண்ணை உறுத்தும் அளவும் அல்ல.

பிறகு அன்றிரவு நடந்ததை மணிவாரியாக எழுதுங்கள். மருந்து கொடுக்கும் நடுவில் அவரை யாராவது அழைத்தார்களா? எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? சரிபார்த்ததாகக் கையெழுத்திட்ட இரண்டாமவர் சிரிஞ்சைப் பார்த்தாரா, அட்டையை மட்டும் பார்த்தாரா? விதியில் இருப்பதை அல்ல, இரவில் வழக்கமாக நடப்பதைக் கேளுங்கள். நினைவு மங்குமுன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்; தண்டிப்பதற்காகக் கேட்கவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றே செய்த தீங்கு என்றால் அதற்கான வழி வேறு.

தென்னாப்பிரிக்காவின் தேசிய வழிகாட்டுநெறிப்படி மிகக் கடுமையான சம்பவங்களை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். விசாரணையை முடிக்க 60 வேலை நாள்கள் உண்டு. அவசரப்பட்டு மூடத் தேவையில்லை.

பரிந்துரையில் "மறுபயிற்சி" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 2001இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், ரத்தநாளம் வழியாகத்தான் செலுத்த வேண்டிய வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து 18 வயது இளைஞரின் முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டு அவர் இறந்தார். அதற்கு முன்பும் இதே தவறு நடந்திருந்தது; எச்சரிக்கைகள் போதவில்லை. சிரிஞ்சில் நிரப்பாமல் சிறு பையில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றும்படி உலக சுகாதார நிறுவனம் பின்னர் அறிவுறுத்தியது. அந்தப் பையை முதுகுத்தண்டு ஊசியில் தவறுதலாகப் பொருத்துவது மிகக் கடினம். உங்கள் வார்டிலும் 'யூனிட்' என்ற சொல் முழுதாக அச்சிடப்பட்ட இன்சுலின் அட்டையைக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழைய அட்டை எங்காவது புழங்குகிறதா என்று இரவுப் பணியில் போய்ப் பாருங்கள்.

பாட்டியின் குடும்பத்தாரிடம் நடந்ததையும் கண்டறிந்ததையும் நேரில் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர்களுக்குத் தமிழ்தான் வசதி என்றால் தமிழிலேயே சொல்லுங்கள்.