இலங்கையின் வடக்கே, கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற சுண்டிக்குளத்தில் கடலோரமாக நடக்கப் போகலாமா? எந்த மாதம் நல்லது?

தாராளமாகப் போகலாம். தை, மாசியில் போங்கள். விடிகிற நேரத்துக்கு அங்கே நிற்கப் பாருங்கள்.

மாதத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாரி மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி, மிஞ்சிய நீரை விடும் வான் கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு வந்து சுண்டிக்குளக் களப்பில், அதாவது கடலை ஒட்டிய உவர்நீர்ப் பரப்பில்தான் சேரும். மழை விட்டதும் களப்பு மெல்ல வற்றத் தொடங்கி, ஓரமெல்லாம் கணுக்கால் தண்ணீரும் சேறுமாகக் கிடக்கும். பறவைகள் இறங்குவது அதற்குத்தான். ஆடி, ஆவணியில் போனால் பல இடங்களில் காய்ந்த உவர்த்தரைதான் இருக்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வந்து, தர்மபுரம் பக்கமாகத் திரும்பிக் கல்லாறு வழியாகப் போகலாம். 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவான இடம் இது. ஆகவே உள்ளே போகும் விதிகளை வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடை என்றால் இதுதான் நடை. ஒரு கையில் கடல், மறு கையில் களப்பு. நடுவில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேடு. அலை நனைத்த ஓரமாக நடந்தால் கால் புதையாது. ஆனால் கடலையே பார்த்துக்கொண்டு போய்விடாதீர்கள், களப்புப் பக்கம் அடிக்கடி நில்லுங்கள். பூநாரை தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா? காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, வாய்க்குள்ளேயே வடிகட்டிவிடும். கூழைக்கடாக்களும் வரும், ஆனால் எனக்குப் பூநாரைதான்.

தின்றுகொண்டிருக்கிற கூட்டம் ஒன்றாகக் கழுத்தை நிமிர்த்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். இன்னும் இரண்டடி வைத்தால் எழும்பிவிடும். படம் எடுக்கவென்று கை தட்டிக் கலைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். இரை தேடி இவ்வளவு தூரம் வந்த உயிரை வீணாகப் பறக்கவைப்பது பெரிய பாவம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், போர் நடந்த மண் இது. ஆட்கள் நடந்து பழகிய தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள், தெரியாத இரும்பு எதையும் தொடாதீர்கள். களப்பில் முதலையும் உண்டு, குளிக்க இறங்கக் கூடாது. மீனவர் தங்கும் வாடி ஏதாவது கண்ணில் பட்டால் "அண்ணை, தொடுவாய் திறந்திருக்கோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். களப்பு கடலோடு சேருகிற வாய்தான் தொடுவாய். அது திறந்திருந்தால் நீரோட்டம் இழுக்கும், முழங்கால் தண்ணீர்தானே என்று கடக்கப் பார்க்காதீர்கள்.

குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். நடுக்கரையில் கடையை நம்பிப் போகாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டால் நல்லது, வெறும் மணலில் நிழல் கிடைக்காது.