தங்கைக்கு எந்த வசனத்தைக் காட்டலாம்?

கேள்வி: அப்பா இறந்த பிறகு, வங்கிக் கடனுக்காக என்று சொல்லித் தங்கையிடம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் முழுவதும் என் பெயருக்கு வந்துவிட்டது. கல்யாணத்தின்போது அவளுக்கு நகையும் சீதனமும் குறைவில்லாமல்தான் கொடுத்தோம். போன கன்வென்ஷன் கூட்டத்தில் இந்தப் பாவத்தை ஆண்டவரிடம் அழுது அறிக்கையிட்டேன்; மன்னிப்பின் நிச்சயம் கிடைத்தது. ஆனால் தங்கை இன்னும் என்னோடு பேசுவதில்லை. பிறரை மன்னிக்காதவரைப் பிதா மன்னிக்கமாட்டார் என்ற வசனத்தை அவள் மனதில் படும்படி எப்படி எடுத்துச் சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அருமனை

பதில்: அந்த வசனத்தைத் தங்கையிடம் கொண்டுபோக வேண்டாம். அவர் உங்களை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவருக்கும் கடவுளுக்கும் இடையிலான காரியம். அதை அவருக்கு நினைவூட்டும் உரிமை வேறு யாருக்கு இருந்தாலும் உங்களுக்கு இல்லை.

நீங்கள் சொல்வது மத்தேயு 6-ஆம் அதிகாரம், 15-ஆம் வசனம். உங்களுக்கான வசனம் அதற்கு முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது. 23, 24-ஐ எடுத்துப் பாருங்கள். பலிபீடத்துக்கு முன்னால் காணிக்கையோடு நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் இயேசு. குறைப்பட்டவன் உன்னைத் தேடி வரட்டும் என்று சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கண்ணீர் இருக்கிறது, கன்வென்ஷன் இருக்கிறது, சீதனக் கணக்குகூட இருக்கிறது. தோட்டத்தில் தங்கையின் பங்கைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு வரி இல்லை.

மத்தேயு 18-இல் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியனின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. அத்தனையையும் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரி தரவேண்டியவனின் தொண்டையைப் பிடித்தான். அவனுக்காவது அந்த நூறு தெனாரி உண்மையிலேயே வரவேண்டியிருந்தது. நீங்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்களோ அவரிடமே போய், கடனை விட்டுவிடு என்று மிரட்டப் பார்க்கிறீர்கள், அதுவும் வேதத்தைக் காட்டி. எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது இதுதான்.

அப்படியானால் எனக்குக் கிடைத்த மன்னிப்பு பொய்யா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. தேவனுடைய மன்னிப்பைப்போல ஒரு பாக்கியம் மனிதனுக்கு வேறு கிடையாது என்று முழு மனதோடு நம்புகிறவன் நான். 32-ஆம் சங்கீதம் அதைத்தான் பாடுகிறது: மீறுதல் மன்னிக்கப்பட்டவன், பாவம் மூடப்பட்டவன் பாக்கியவான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் எடுத்துக்காட்டுவதும் இந்த வரிகளையே. பாவத்தை அடக்கி வைத்திருந்த நாளெல்லாம் எலும்புகள் உலர்ந்துபோயின, கோடைகால வறட்சிபோல உள்ளம் வறண்டது என்று அதே சங்கீதம் சொல்கிறது. ஆயுள் முழுக்க இறைவனின் கிருபையைப் போதித்த ஆயர் அகஸ்டீன், 430-இல் மரணப் படுக்கையில் கிடந்தபோது, மனந்திரும்புதலின் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, அழுதபடியே படித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு அவ்வளவு பெரிய காரியம்.

ஆனால் பாக்கியவானைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சங்கீதம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: அவனுடைய ஆவியில் கபடம் இல்லை. மன்னிப்புப் பெற்றவனுக்கு இனி மறைக்க எதுவும் இல்லை. ஊருக்கும் உறவுக்கும் பயப்படாமல் உண்மையைச் சொல்ல முடியும். அதுதான் அந்தப் பாக்கியம். உங்களிடம் இன்னும் மறைப்பு இருக்கிறது, அது வில்லங்கச் சான்றில் உங்கள் பெயரோடு நிற்கிறது.

திருப்பிக் கொடுத்துத்தான் மன்னிப்பை வாங்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரி வசூலிப்பவனாகிய சகேயு ஒரு காசும் திருப்பித் தருவதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். அவர் வந்த பிறகு சகேயு சும்மா இருக்க முடியவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். மோசேயின் நியாயப்பிரமாணமும் எண்ணாகமம் 5-இல், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்கிறது. உங்கள் விஷயத்தில், இத்தனை வருடம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் விற்ற பணத்தையும் அப்போது கணக்கில் சேர்க்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையிலும் குருவிடம் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, செய்தவர் திருடியதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சபைகளுக்குள் எத்தனையோ வேறுபாடு உண்டு, இதில் இல்லை.

அப்புறம் சீதனம். பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நம் குமரி மாவட்டத்தில் அண்ணன்மார் இதைச் சொல்லித்தான் மனச்சாட்சியைத் தூங்க வைக்கிறார்கள். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. உயில் இல்லாத தகப்பன் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நகை போட்டதால் அந்தப் பங்கு கரைந்துவிடாது.

தாவீது 51-ஆம் சங்கீதத்தில் 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக' பாவஞ்செய்தேன் என்றுதானே சொன்னார், தேவனிடம் சொன்னால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. தாவீது யாரிடம் போவார்? அவர் யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டு, யாரைக் கொல்லவும் வைத்தாரோ, அந்த உரியா செத்துப்போயிருந்தான். உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறார்.

ஆகையால் பத்திர எழுத்தரைப் பார்த்து, தங்கையின் பங்கை அவர் பெயருக்கு மாற்ற என்ன பத்திரம் எழுத வேண்டும் என்று கேளுங்கள். பிறகு அவர் வீட்டுக்குப் போங்கள். போதகரையும் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். நாலு பேர் முன்னால் கேட்டால் அது மன்னிப்புக் கேட்பதாகாது, நெருக்குவதாகும். வங்கிக் கடன் என்று சொன்னது பொய் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் கதவைச் சாத்தலாம், திட்டலாம், இன்னும் பல வருடம் பேசாமலும் இருக்கலாம். சரி, இருக்கட்டும். பத்திரத்தை எப்படியும் பதிவு செய்து கொடுங்கள்.