கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ராமை நாமே மாட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப் பழசு, 4 ஜிபி ராம். பிள்ளையின் ஆன்லைன் வகுப்போடு பிரவுசரையும் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. கூட ஒரு ராம் போடலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: குறை ராமில்தானா, அதாவது ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தில்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அந்த வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பார்மன்ஸ், பிறகு மெமரி. 85, 90 சதவீதத்திலேயே நின்றால் ராம் போதவில்லை. மெமரி பாதிதான் நிறைந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 காட்டுகிறது என்றால் ராமுக்குக் காசு போடாதீர்கள், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வாங்குங்கள்.

அதே பக்கத்தில் ராம் செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிறைந்திருக்கிறது என்றும் இருக்கும். விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்பதை செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பகுதியில் பாருங்கள். 32 பிட் வீட்டு விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது. எவ்வளவு மாட்டினாலும் வீண்.

வாங்கும்போது பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் வகை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று ராமில் தலைமுறைகள் உண்டு, ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று ஏறாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின் (ஓரத்துப் பற்கள்) தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தி ஏற்றப் பார்த்தால் ஸ்லாட் உடையும். பழைய ராமைக் கழற்றி லேபிளைப் படியுங்கள். ‘பிசி3-12800யு’ என்று இருந்தால், பிசி3 என்பது டிடிஆர்3. 12800ஐ 8ஆல் வகுத்தால் 1600, அதுதான் வேகம். கடைசி எழுத்து யு என்றால் டெஸ்க்டாப், எஸ் என்றால் லேப்டாப், ஆர் என்றால் சர்வர். சர்வர் ராம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடாது. டிடிஆர்3யில் ‘ஏஎம்டி ஒன்லி’ (ஏஎம்டி பிராசஸருக்கு மட்டும்) என்று விற்பதும் அப்படித்தான்: இன்டெல் பிராசஸர் உள்ள மதர்போர்டில் மாட்டினால் பெரும்பாலும் திரை வராது. பேசாமல் பழைய ராமையே கையில் எடுத்துக்கொண்டு காரைக்குடிக் கடைக்குப் போய்விடுங்கள், பாதித் தவறு அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: மாட்டும்போது ஷாக் அடிக்குமா? ராம் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது. யுபிஎஸ் இருக்கும் வீடுகளில் சுவர் சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். கேபினெட்டின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) செருகிய வயரையே பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருப்பதும் வடியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

ராமுக்கு எமன் நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம். பெயிண்ட் இல்லாத கேபினெட் தகட்டைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், இடையிடையே மறுபடி தொடுங்கள். கார்பெட்டிலோ மெத்தையிலோ வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பாவிய வெறும் தரையும் மர மேசையும் எவ்வளவோ தேவலை. செம்மண் தூசி உள்ளே அப்பியிருக்கும். முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், அப்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

கேபினெட்டைப் படுக்கவைத்து, ஸ்லாட்டின் கிளிப்பைத் திறங்கள் (சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும்). ராமை ஓரங்களில் பிடித்து, வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வருகிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் செங்குத்தாக அழுத்துங்கள். புதியவர்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். ‘டக்’ என்று கிளிப் தானே மூட வேண்டும். நீங்கள் விரலால் மூடிவிட்டால் கணக்கில்லை. நாலு ஸ்லாட் இருந்து இரண்டு ராம் போடுகிறீர்கள் என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து 2ஆவதும் 4ஆவதும் சரி.

கேள்வி: மாட்டிவிட்டேன். திரை வரவில்லை, பீப் பீப் என்கிறது!
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பத்துக்கு எட்டு முறை ராம் முழுதாக உட்கார்ந்திருக்காது. வயரைப் பிடுங்கி, எடுத்து மறுபடி மாட்டுங்கள். பிறகு ஒவ்வொரு ராமையும் தனித்தனியாக ஒரே ஸ்லாட்டில் சோதியுங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். பழைய ராமின் தங்க நிறப் பற்கள் கறுத்திருந்தால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஸ்லாட்டுக்குள் ரப்பர், எண்ணெய் எதுவும் போகக்கூடாது. பீப் சத்தமே இல்லாமல் திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அவசரப்பட்டு அணைக்காதீர்கள்: டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

1333 ராமோடு 1600ஐச் சேர்த்தால் இரண்டும் 1333இல்தான் ஓடும், அது கோளாறு அல்ல. எல்லாம் சரியானதும் ஸ்டார்ட் மெனுவில் mdsched என்று ஆங்கிலத்தில் அடித்து மெமரி சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். பிழை காட்டினால் பில்லோடு அன்றைக்கே கடைக்குப் போங்கள்.

கேள்வி: லேப்டாப்புக்கும் இதே முறைதானா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: ராம் சின்னது, 45 டிகிரி சாய்த்துச் செருகிக் கீழே அமுக்க வேண்டும். உள்ளே கை வைக்குமுன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். உங்கள் மாடலில் ஸ்லாட் உண்டா என்று பார்த்த பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் தேடுங்கள்.