குழி தோண்டிப் பார்த்தீர்களா?

கேள்வி: வீடு கட்ட ஒரு மனை பார்த்திருக்கிறோம். மேலே நல்ல செம்மண், காலில் கல் மாதிரி உறுதியாகத் தெரிகிறது. பக்கத்து மனைகளிலும் வீடுகள் வந்துவிட்டன. தனியாக மண் பரிசோதனை அவசியமா?

பதில்: அவசியம். மண் பரிசோதனைக் கூடத்தில் 26 வருடம் வேலை பார்த்தவள் நான். காலில் உறுதியாகத் தெரிந்த நிலத்தில் கட்டிய வீடுகளுக்கு, பிறகு சுவர் விரிசலை அளக்கவும் போயிருக்கிறேன். அந்தச் செம்மண் அங்கேயே இருந்த மண்ணா, லாரியில் வந்து இறங்கியதா? முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு இரண்டு மூலைகளில் குழி எடுக்கச் சொல்லுங்கள். ஆழம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் உள்ளே இறங்க வேண்டாம், பக்கம் சரியும். மேலிருந்தே பக்கவாட்டுச் சுவரைக் கவனியுங்கள். செங்கல் துண்டு, பாலித்தீன், சாம்பல் கண்ணில் பட்டால் அது கொட்டி மேடாக்கிய நிலம். கீழே கறுப்பாக, நாற்றமடிக்கும் சேறு வந்தால் ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கி நின்றிருக்கலாம். வீடு முழுக்க ஒரே சீராக ஓர் அங்குலம் இறங்கினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஒரு பாதி பழைய மண்ணிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நின்றால் ஒரு மூலை மட்டும் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பக்கத்து வீடுகளைப் பார்க்கப் போனால் அந்த விரிசலையும், கடைக்கால் எவ்வளவு ஆழம் எடுத்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஆனால் அவர்கள் மண்தான் உங்கள் மண்ணும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே மனைக்குள்ளேயே மண் மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குழியில் களிமண் வந்தால் இன்னும் கவனம் தேவை. ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். உடையாமல் நூல் மாதிரி நீண்டால் களி அதிகம். வெயில் காலத்தில் விரல் நுழையும் அளவு வெடிப்பு விடுகிற மண், மழையில் ஊதிப் பெருத்து அஸ்திவாரத்தையே தூக்கும். அங்கே ஈரம் ஏறி இறங்குகிற ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போக வேண்டும். அது எவ்வளவு என்பதைப் பொறியாளர் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

அதற்குத்தான் நிலத்தில் ஆழமாகத் துளை (போர்) போட்டு மண்ணைச் சோதிக்கிறோம். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவைத்து ஒரு குழாயை 45 செ.மீ. இறக்குவோம். முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு, மீதி 30 செ.மீ. இறங்கச் சுத்தியல் எத்தனை தடவை விழ வேண்டியிருந்தது என்று எண்ணுவோம். மண்ணின் உறுதி அதில் தெரியும். அறிக்கை கைக்கு வந்ததும் தாங்குதிறனை மட்டும் பார்க்காமல், நீர்மட்டம் எந்த மாதத்தில் அளந்தது என்றும் பாருங்கள். கோடையில் அளந்திருந்தால் மழைக்காலத்தில் அது எவ்வளவு ஏறும் என்று கேட்டே தீர வேண்டும். மழை பெய்த மறுநாள் நீங்களே ஒரு தடவை மனையைப் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மணல் நிலம் என்றால் கவலையில்லை என்கிறார்களே?

பதில்: இறுகிய மணல் நல்ல மண்தான். தளர்ந்த மணலில் தண்ணீரும் நிறைந்திருந்தால் நிலநடுக்கத்தில் அது குழம்பு போல ஆகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாத்தாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் சுவர் பெரிதாக உடையாமல் அப்படியே சாய்ந்தன. கட்டடம் கெட்டியாக இருந்தது, மண்தான் கைவிட்டது.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் களிமண். மணல் கலந்தால் சரியாகுமா? செடிகளின் இளம் இலைகளும் மஞ்சளாகின்றன.

பதில்: தயவுசெய்து மணல் கொட்டாதீர்கள். கொஞ்சமாகக் கலந்தால் களியும் மணலும் சேர்ந்து செங்கல்லாக இறுகும். மட்கிய உரத்தை வருடாவருடம் போடுங்கள், மெதுவாகத்தான் இளகும்.

முதலில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். 30 செ.மீ. ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளவுகோலை நிறுத்துங்கள். மணிக்கு 2.5 முதல் 5 செ.மீ. வடிந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். ஒரு செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் பாத்தியை மேடாக்குவதுதான் வழி.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைதான். மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மை கூடினால் வேரால் அதை எடுக்க முடியாது. அந்தச் செடிகள் சுவரை ஒட்டி இருக்கின்றனவா? வீடு கட்டியபோது அங்கே புதைத்த சிமெண்ட், சுண்ணாம்புக் கழிவு காரணமாக இருக்கலாம். ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்புறம், பரிசோதனைக்கு மண் அனுப்பும்போது சுவரோரத்து மண்ணைத் தனிப் பையில் போடுங்கள். நடுத்தோட்டத்து மண்ணோடு அதைக் கலந்துவிட்டால் வருகிற முடிவு இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.