முகம் வீங்கினால் முதலில் யூரின் ரிப்போர்ட்

என் மகனுக்குப் பதினேழு வயது. காலையில் கண் இமை வீங்குகிறது, பின்னேரம் கால். இரத்தம் குறைவு என்று மாத்திரை தந்தார்கள். அப்புறம் நீர் போகிற மாத்திரை. மூன்று வாரமாகியும் சரியாகவில்லை. (தலவாக்கலை)

யூரின் ஃபுல் ரிப்போர்ட் எடுத்தார்களா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எடுக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். இதே கதையோடு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வீங்கினால் "பனி", "இரத்தம் குறைவு", "சாப்பாடு பத்தாது" என்று ஒரு காரணம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சிறுநீரை ஒருவரும் பார்ப்பதில்லை. இளவயதுப் பிள்ளைக்குக் காலையில் முகமும் மாலையில் காலும் வீங்கினால் முதல் சந்தேகம் சிறுநீரகத்தின் மேல்தான் வர வேண்டும். சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்றும் கவனியுங்கள்.

நாளைக் காலை முதல் சிறுநீரைக் கொடுங்கள். புரதம் மூன்று பிளஸ் என்று வந்தால் அடுத்து சிறுநீரில் புரத–கிரியேட்டினின் விகிதம் (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம், கொலஸ்ட்ரோல், கிரியேட்டினின், கூடவே பிரஷர். ஒரு நாளைக்கு மூன்றரை கிராமுக்கு மேல் புரதம் போய், அல்புமினும் இறங்கியிருந்தால் அது நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நேராக ஸ்டீரொய்ட் கொடுப்பார்கள், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கேட்கும். பதினேழு வயதில் காரணம் பலவாக இருக்கலாம். அதனால் பயொப்சி செய்யச் சொல்லலாம். பயப்படாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் துளி திசு எடுப்பார்கள். ஓரிரவு வார்டில் இருக்க வேண்டி வரலாம்.

நீர் மாத்திரை வீக்கத்தை வற்றவைக்கும், நோயை ஒன்றும் செய்யாது. அல்புமின் குறைந்த உடம்பில் கண்டபடி கொடுத்தால் இரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகத்துக்கே அடி விழும், இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். யூரின் பார்க்காமல் அந்த மாத்திரையை வாங்காதீர்கள்.

ஒன்பது வயது மகளுக்குச் சிரங்கு வந்து இரண்டு வாரம். இப்போது முகம் ஊதி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகிறது. (மஸ்கெலியா)

கடிதம் எழுதும் நேரமா இது? இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிரஷர் கூடினால் வலிப்பு வரலாம். சிரங்குக்கோ தொண்டை நோவுக்கோ பிறகு வரும் சிறுநீரக அழற்சி இது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழுதாகச் சுகமாகிவிடும். இரத்தத்தில் C3 என்ற புரதத்தின் அளவு குறைந்திருந்தால் ஆறு, எட்டு வாரத்தில் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் வேறு நோய் தேட வேண்டும்.

கிரியேட்டினின் நோர்மல். அப்படியானால் கிட்னி நல்லாத்தானே இருக்கிறது? (பண்டாரவளை)

இல்லை. புரதம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே கிரியேட்டினின் நோர்மலாக இருக்கலாம். யூரின் பாருங்கள்.

இருபத்திரண்டு வயது மகளுக்குக் கால் வீக்கம், மூட்டு நோவு, தலைமுடி கொட்டுகிறது, கன்னத்தில் சிவப்பு. நோவுக்கு டிக்ளோஃபெனாக் போடுகிறாள். (ஹட்டன்)

அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். லூபஸாக இருக்கலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய் அது. யூரினோடு ANA என்ற இரத்தப் பரிசோதனையும் வேண்டும். தாமதித்தால் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெடும்.

பீலித் தண்ணீர் குடித்துத்தான் வீங்குகிறதா? அநுராதபுரத்தில் வருகிற நோய்தானே? (லிந்துலை)

காரணம் தெரியாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வறண்ட பிரதேசத்து விவசாயிகளுடையது. அதில் புரதம் அதிகம் போகாது, ஆரம்பத்தில் வீக்கமும் அரிது. பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், அது வயிற்றுக்காக. வீக்கத்துக்கு யூரின் பாருங்கள்.

பிரெட்னிசலோன் (ஸ்டீரொய்ட் மாத்திரை) குடித்து முகம் உருண்டையாகிவிட்டது. நானாகவே நிறுத்திவிட்டேன். வயது பத்தொன்பது. (நானுஓயா)

இது மிக ஆபத்தான வேலை. கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் கொப்பியோடு உடனே போங்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ மூச்சு முட்டினாலோ இரத்தம் உறைந்திருக்கலாம், இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீக்கம் வற்ற காமரங்கா (நட்சத்திரப்பழ) ஜூஸ் குடிக்கலாமா? (வயது, ஊர் எழுதவில்லை)

கூடாது. அதிலுள்ள ஒக்சலேட் நல்ல சிறுநீரகத்தையே கெடுக்கும். அடுத்த முறை வயதையும் எத்தனை நாளாக வீக்கம் என்பதையும் எழுதுங்கள்.