பெட்டிக்குள் கிளி: பழைய பத்திரிகை காமிக்ஸ் பற்றிக் கேள்வி பதில்

கே: பத்திரிகை காமிக்ஸ் எப்போதிருந்து புதுக் கருவிகளைக் கிண்டலடிக்க ஆரம்பித்தது சார்?

ப: கிட்டத்தட்டத் தொட்டில் பருவத்திலிருந்தே. 1896 அக்டோபர் 25, 'நியூயார்க் ஜர்னல்' ஞாயிறு மலர். கார்ட்டூனிஸ்ட் அவுட்கால்ட் வரைந்த 'மஞ்சள் பையன்' என்ற பாத்திரம் ஒரு ஃபோனோகிராஃப் பெட்டியோடு, அதாவது பதிந்த குரலைத் திரும்பப் பேசும் கருவியோடு, வந்து நிற்கிறான். மொட்டைத் தலை, தொளதொள மஞ்சள் அங்கி. அவன் பேச்சை அந்த அங்கியிலேயே எழுதிவிடுவார்கள். பெட்டி பேசுகிறது. என்ன பேசுகிறது தெரியுமா? ஜர்னலின் வண்ண மலரைப் போல உலகத்திலேயே கிடையாதாம்! கடைசிப் படத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கிளி எட்டிப் பார்க்கிறது. அத்தனை நேரமும் பேசியது அதுதான். 'பெரிய கண்டுபிடிப்பாம்' என்று பையன் நொந்துகொள்கிறான். பெட்டியின் பேச்சு மட்டும் பலூனில், அதாவது பேச்சைச் சுற்றி வரையும் குமிழில், இருக்கிறது. காமிக்ஸ் வரலாற்றுக்காரர்கள் இந்தப் பக்கத்தை விடாமல் பேசுவதற்கு அந்த பலூனும் ஒரு காரணம்.

கே: அப்படியானால் இவர்கள் எந்திர விரோதிகளா?

ப: எங்கே! அந்த மலரே புது வண்ண அச்சு எந்திரத்தின் பிள்ளை. ஒரு வாரம் முன்னால்தான் ஜர்னல் முதலாளி ஹெர்ஸ்ட் அந்த மலரை ஆரம்பித்தார். இதன் பக்கத்தில் வானவில்லே ஈயக் குழாய் மாதிரித் தெரியும் என்று தம்பட்டம் வேறு. முதலாளியின் அந்தத் தம்பட்டத்தைத்தான் அவுட்கால்ட் கிளி வாயில் வைத்தார். குறும்பா, வாங்கிய சம்பளத்துக்கு விளம்பரமா? எனக்கு இரண்டும் என்றே படுகிறது.

கே: அண்ணா, எங்கள் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் 'ரூப் கோல்ட்பர்க் மெஷின்' செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவர் விஞ்ஞானியா?

ப: கார்ட்டூனிஸ்ட் தம்பி. ஆனால் உன்னைப் போல எஞ்சினியரிங் படித்தவர். 1904இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக் குடிநீர், சாக்கடைத் துறையில் சில மாதம் குப்பை கொட்டிவிட்டுப் பத்திரிகைக்கு ஓடி வந்தார். சின்ன வேலையைச் சுற்றி வளைத்துச் செய்யும் எந்திரங்களை வரைவதுதான் அவர் பாணி. 1931இல் வந்த தானியங்கிக் கைக்குட்டையைப் பார். அவருடைய பாத்திரம் புரொஃபசர் பட்ஸ் சூப் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு கயிறு இழுபடும். அது ஒரு அகப்பையைச் சுண்ட, அதிலிருக்கும் பிஸ்கட் கிளியைத் தாண்டிப் பறக்கும். கிளி தாவும். கிளி உட்கார்ந்திருந்த கம்பு சாய்ந்து, விதையெல்லாம் வாளிக்குள் கொட்டும். வாளி கனத்தால் லைட்டர் பற்றும். லைட்டர் ஒரு ராக்கெட் வாணத்தைக் கொளுத்தும். வாணம் கிளம்பும் வேகத்தில் அரிவாள் நூலை அறுக்க, கைக்குட்டை கட்டிய ஊசல் ஆடி முகவாயைத் துடைக்கும். கையால் துடைக்க ஒரு நொடி ஆகுமா?

ஒவ்வொரு கண்ணியும் நடக்கக்கூடியதுதான், மொத்தம்தான் பைத்தியக்காரத்தனம். எஞ்சினியரிங் படித்தவரின் கை இதில் தெரிகிறது. உன் மெஷினில் கிளி வேண்டாம், கோலிக்குண்டு போதும். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் இங்கேயும் ஒரு கிளிதான் வேலை செய்கிறது, கவனித்தாயா?

கே: கார்களை விட்டுவிட்டார்களா?

ப: 1918இல் ஃபிராங்க் கிங் 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையில் 'கேசலின் ஆலி' தொடங்கியதே சந்தில் காரைப் பிரித்துப் போட்டு வாய்ச்சண்டை போடும் ஆண்களை வைத்துத்தான். பெண் வாசகர்களும் வேண்டும் என்று ஆசிரியர் நெருக்க, 1921இல் வாசற்படியில் ஒரு குழந்தையைப் போட்டார். அப்புறம் காராவது ஒன்றாவது!

கே: ரோபோ?

ப: அந்தச் சொல் செக் எழுத்தாளர் சாபெக்கின் 1920 நாடகத்தில்தான் வருகிறது. அதற்கும் முன்பே, 1910களின் தொடக்கத்தில், கார்ட்டூனிஸ்ட் கிரீனிங்கின் காமிக்ஸில் 'பெர்சி' என்ற எந்திர மனிதன் இருந்தான். சொன்ன வேலையைச் செய்வான், நிறுத்தத் தெரியாது.

கே: செல்போனை நூறு வருஷம் முன்பே வரைந்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றுகிறதே, போலிதானே?

ப: அசல்தான் அம்மா. ஹேசல்டன் என்ற கார்ட்டூனிஸ்ட் 1919இல் லண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகையில் வரைந்தது. சட்டைப் பை டெலிபோன் எப்போது அடிக்கும் என்பதுதான் விஷயம். ரயிலைப் பிடிக்க ஓடும்போது அடிக்கிறது, கச்சேரியில் அடிக்கிறது, கையில் குழந்தையைக் கொடுத்த நேரத்தில் அடிக்கிறது, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கே அடிக்கிறது. கருவி எப்படி வேலை செய்யும் என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. யார் கூப்பிட்டார்கள் என்றும் காட்டவில்லை. லோன் வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள்.